அவியோர்

ஜொகூர்ப் பக்கம் மின்னல்.
துவாஸ் உலர்துறையில் சைரன் ஊதி
மஞ்சள் விளக்குகள் சுழன்றதும்
கிரேன்கள் கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றன.
பாதுகாப்பு அதிகாரி ஹஸ்லிண்டா
கைப்பேசியைப் பார்த்து, முப்பது நிமிடம் என்றாள்.
பிறகு, இன்னும் முப்பது.
யாரும் மேலே ஏறக் கூடாது, இரும்பைத் தொடக் கூடாது.
இரும்பை விட்டால்
தொடுவதற்கு இங்கே என்ன இருக்கிறது?

பங்குனி பிறந்து இரண்டு நாள்.
வடக்கே வானம் கிழிந்துகொண்டிருக்க
தெற்கே கடலுக்கு மேல் ஒரு துணுக்கு மேகமில்லை.
அதோ சிலுவை, என்றான் மொய்னுல்.
நான்கு புள்ளிகள், சற்றே சாய்ந்து.
மூன்று வெள்ளை.
கை நீட்டினால் மூன்று முட்டி உயரத்தில்
ஒன்று மட்டும் ஆரஞ்சு.

எனக்கு நட்சத்திரம் தெரியாது.
நிறம் தெரியும்.
பத்தொன்பது வருடமாக
இரும்பின் நிறம் பார்த்துச் சூடு சொல்லிச்
சம்பளம் வாங்குகிறவன்.
வெள்ளையென்றால் கிட்டே போகாதே.
மஞ்சளென்றால் சொன்னபடி வளையும்.
ஆரஞ்சு,
ஆர்க் நகர்ந்துபோன பிறகு
பின்னால் தங்கிவிடுகிற நிறம்.
ஆறிக்கொண்டிருப்பதன் நிறம்.
ஆறுகிறதே என்று கை வைத்த ஒருவன்
கையுறையோடு தோலையும் கழற்றினான்.

புகைபிடிக்க இறங்கி வந்தான்
கப்பலின் மூன்றாம் அதிகாரி ஆர்னெல்.
மீசை இன்னும் முடிவெடுக்காத முகம்.
அது பொய்ச்சிலுவை, என்றான்.
அசல் அங்கே, எண்ணெய்க் கப்பல்களின் விளக்குகளுக்கு மேல்
இப்போதுதான் ஏறுகிறது.
இதை நம்பித் திசை வைத்தால் கரை கிடைக்காது.
மொய்னுலுக்கு முகம் வாடிவிட்டது.
சரி, அந்த ஆரஞ்சுக்குப் பெயர்?
அவியோர்.
எந்த மொழி?
எந்த மொழியும் இல்லை.
வெறும் எழுத்தாகக் கிடந்ததாம்.
பெயரில்லாத நட்சத்திரத்தை வைத்துப் பறக்க மாட்டோம்
என்று விமானப் படையில் சொல்ல
யாரோ மேசையில் உட்கார்ந்து செய்து கொடுத்தது.

வானத்தில் ஒரு பழைய கப்பல் இருந்ததாம்.
பெரிதாக இருக்கிறதென்று
பாய், பின்புறம், கீல் என
மூன்றாக வெட்டிவிட்டார்கள்.
இது கீலில் இருக்கிறது.
எந்த யார்டில் வெட்டினார்கள் என்று
கேட்க வாயெடுத்தேன்.
தனியாளும் இல்லையாம்,
ஒட்டினாற்போல் நீலமாய் ஒன்று.
அது தெரியும் என்றேன்.
நீலம் முன்னே போகாமல்
ஆரஞ்சு எங்கிருந்து வரும்?

எந்த மொழியும் இல்லையாம்.
எனக்கு அது தமிழாகவே கேட்டது.
அவி என்றால் அணைந்து போ.
அவி என்றால் வேக வை.
அணைகிறவர்கள், அணையாதவர்கள்
இருவரும் உள்ளே உட்கார
இடம் இருக்கிறது அந்தச் சொல்லில்.
டாங்க் வயிற்றுக்குள்
தோல் மேலங்கியும் முகமூடியுமாக
மதியச் சோற்றின் வாடையோடு
நாங்கள் எட்டுப் பேரும்
அவியோர்.

பத்தே முக்காலுக்கு சைரன் மறுபடி.
ஏணி இறங்கி, கட்டைகளுக்கு நடுவில் தவழ்ந்து
ஏராவின் அடியில் மல்லாந்து படுத்தேன்.
பதினெட்டாயிரம் டன் என் மூக்குக்கு மேலே.
முகமூடியை இறக்கினால்
உலகம் மொத்தமும் கறுப்பு, நடுவே ஒரு நீலம்.
தூக்கினேன்.
ஒரு முட்டி உயரத்தில், ஆரஞ்சு.
எண்ணிக்கொண்டே பார்த்தேன்.
பதினொன்றில் சாம்பலாகிவிட்டது.
அதற்கு அது போதும்.

கசடு தட்டி, பிரஷ் போட்டு
தையலின் ஓரத்தில் என் எண்ணைக் குத்தினேன்:
நானூற்றுப் பதினேழு.
இந்த யார்டில் எனக்கும்
அதுதான் எழுத்து.
சாக்பீஸ் கையில் இருந்தது.
எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினேன்,
மல்லாந்து எழுதியதில்
யோ கொஞ்சம் ஓடிவிட்டது.

சியாவ் டார்ச் அடித்துப் பார்த்தார்.
இது என்ன கோடு?
மார்க்கிங், பாஸ்.
நேராக இல்லையே.
இல்லை, பாஸ்.

நாளை பெயின்ட்.
வியாழக்கிழமை தண்ணீர் விடுகிறார்கள்.